ஒருவருக்கான செயலி

போன் எச்சரித்தது.

'இது தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி. உங்கள் போனுக்குத் தீங்கு நேரலாம்.'

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அந்தத் தெரியாத இடம் அவர் பக்கத்திலேயே, லாரி ஷெட் டீக்கடை பெஞ்சின் நுனியில், துப்பட்டாவை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இணையத்தில் உள்ள செயலிக் கடைக்குத்தான் முதலில் அனுப்பினாள். பலர் பயன்படுத்திப் பார்த்த பிறகு வா என்று திருப்பிவிட்டார்கள்.

பலருக்கு எங்கே போவாள்?

தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரலை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்த ஒருவருக்காகச் செய்தது. அதன்பின் அப்பா, நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த இந்த ஷெட் பக்கமே வரவில்லை. இன்று அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

அப்பா, 'அப்படியே நிறுவு' என்பதைத் தொட்டார்.

ஒரு வட்டம் சுழன்றது.

யாரும் தடுக்கவில்லை.

பத்தாம் வகுப்போடு நின்றவள் செய்தது திரையில் வந்து உட்கார்ந்தது. மற்றவை இருந்த அதே அளவில். அதே வெளிச்சத்தில்.

வங்கிச் செயலியின் படம் ஒரு கட்டம் தள்ளிப் போய் இடம் விட்டிருந்தது.

அவள் அதையே பார்த்தாள்.

அப்பா செயலியைத் திறந்து ஒரு கட்டத்தை அழுத்தினார்.

"டீ. சீனி கம்மியா."

அவள் பதிந்து வைத்த அவள் குரல். ஆண்கள் முன்னால் ஒருநாளும் எழாத குரல். கடை முழுக்கக் கேட்டது.

டீ மாஸ்டர் பலவேசம் ஆற்றுவதை நிறுத்தினார்.

"யாருல அது? அண்ணாச்சியா பேசுதாக?"

அப்பா போனை உயர்த்திக் காட்டினார்.

"பொம்பளப் புள்ள கொரல்லல்லா வருது! அது கெடக்கட்டும். எங்கள வையாம ஒருநாளாச்சும் டீ குடிச்சிருக்கீகளா அண்ணாச்சி? நீங்கதான்னு எப்படி நம்புறது?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. கட்டங்களில் தேடினார். தண்ணீர். மாத்திரை. வலிக்குது. போதும்.

எல்லாம் நோயாளியின் சொற்கள்.

போனை அவள் பக்கம் திருப்பினார். காலியாக இருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். உதடுகளைக் குவித்து, ஓசையில்லாமல் தன் பழைய வசவு ஒன்றைச் சொன்னார்.

அவளுக்குப் புரிந்தது. காது சூடானது.

இதற்கு எந்தக் கடையிடமும் கேட்க வேண்டியதில்லை. யாரும் பார்த்து ஒப்புதல் தர வேண்டியதில்லை. அவள் வாயைத் திறந்தால் போதும்.

கட்டத்தை அழுத்திப் பிடித்தாள். சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது.

பெஞ்சு முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"ஏலே மூதி."

அப்பாவின் கை மேலே போய்ச் சைகை காட்டியது. இன்னும் சத்தமாக.