பிரஷரை இறக்கிய எண்ணெய்

"சிஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மேல மருந்து வாடை அடிக்குது. என் எண்ணெயோட பவர் போயிடும்."

நர்ஸுக்கு வந்ததே கோபம். அடக்கிக்கொண்டாள்.

கட்டிலில் இருந்தது எண்ணெய்க்காரியின் அம்மா. இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆஞ்சியோகிராம். வந்ததிலிருந்து பிரஷர் ஏறிக்கொண்டே போனது. "இறங்கலைன்னா இன்னைக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அதுவரை மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மகள், இப்போது லாவண்டர் எண்ணெயும் பஞ்சுமாகக் களத்தில் இறங்கியிருந்தாள்.

"இதையெல்லாம் யாரும்மா இங்க செய்யச் சொன்னது?"

"அம்மாவேதான் கேட்டாங்க. என் எண்ணெய்னா அவங்களுக்கு உசிரு."

ஆன்லைனில் படித்து வாசனை வைத்தியர் ஆனவள். சர்டிபிகேட்டைக் கூடத்தில் வேறு மாட்டியிருக்கிறாளாம்.

தலையணையில் ஒரு பஞ்சு, ஆஸ்பத்திரிச் சட்டைக் காலரில் ஒரு பஞ்சு. பக்கத்துக் கட்டில்காரர் அடுக்கடுக்காகத் தும்மினார்.

"நல்லதுதான் சார். உள்ள இருக்கற டென்ஷன் வெளிய வருது."

அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"மூச்சை நல்லா இழும்மா. பயம் போயிடுச்சா?"

"போயே போச்சு கண்ணு. கமகமன்னு இருக்கு."

நர்ஸ் பிரஷர் பார்த்தாள். இறங்கியிருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். நிஜமாகவே இறங்கியிருந்தது.

"பாத்தீங்களா? உங்க மாத்திரை செய்யாததை என் எண்ணெய் செஞ்சிடுச்சு. டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேணும்னா நானே வந்து கிளாஸ் எடுக்கறேன்."

சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட வெளியே பறந்தாள் மகள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே நர்ஸ் கேட்டாள். "நிஜமாவே அந்த வாசனையிலதான் பயம் போச்சாம்மா?"

"எனக்கேதும்மா வாசனை? மூக்கு செத்து வருஷக்கணக்காச்சு. அவளா கேட்டதும் இல்லை, நானா சொன்னதும் இல்லை."

"அப்புறம் எப்படி?"

"மூலையில நின்னு அழுதுட்டே இருந்தாளா, அதைப் பாத்துப் பாத்துதான் எனக்குப் படபடன்னு வந்துச்சு. எண்ணெய் வைடின்னேன். அழுகை நின்னுச்சு, எனக்கும் சரியாயிடுச்சு."

ஆஞ்சியோ அறைக் கதவு திறந்தது.

அம்மா நர்ஸின் கையைப் பிடித்தாள். "ரிசல்ட் எப்படி வந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லச் சொல்லும்மா. அவ தாங்க மாட்டா."