சைபர் நம்பர் போட்

"என்னப் பாத்தா சைபர் மாதிரியா புள்ள ஒனக்குத் தெரியிது?"

ஸஹாப்தீன் காக்கா காகிதத்தை ஹுஸ்னியாவின் மேசையில் போட்டார். திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப் போகும் பன்னிரண்டு போட்டுகளில், நாளைக்கு எது முன்னே, எது பின்னே என்று முறை சொல்லும் லிஸ்ட் அது. முதலாவதாக அவருடைய பெயர். பெயருக்கு முன்னால் 0.

"காக்கா, கம்பியூட்டர் சைபரிலதான் எண்ணத் தொடங்கும்."

"அதுக்கு எண்ணத் தெரியாட்டி எனக்கென்ன? மத்தப் போட்காரனெல்லாம் என்ன முட்டை எண்டு கூப்பிடுறானுகள்."

போட்காரர் சங்கத் தலைவர் தங்கரத்தினம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஒண்டில இருந்து எண்ணச் சொல்லுங்கோ பிள்ளை."

ஹுஸ்னியா புரோகிராமில் 0 இருந்த இடத்தில் 1 போட்டாள். புதுக் காகிதம் வந்தது. ஒன்றில் தொடங்கிப் பதினொன்றில் முடிந்தது. ஸஹாப்தீன் காக்காவையே காணவில்லை.

"முந்தி சைபராவது இருந்தன்," என்றார் அவர்.

தங்கரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு ஆறு மணிக்கு முதல் போட் வெளிக்கிடும். அதுக்கிடையில சரிவராட்டி பழையபடி கரும்பலகைதான் பிள்ளை. கரும்பலகையில எழுத எனக்கே கை இருக்கு."

கை இருந்தால் ஹுஸ்னியாவுக்கு வேலை இல்லை. அது அவளுக்கு விளங்கியது. பைதான் என்ற கம்பியூட்டர் மொழி தெரியும் என்று சொல்லித்தான் துறைமுகத்தடியில் இருந்த இந்தச் சங்கக் கந்தோருக்கு வேலைக்கு வந்தாள். தெரியும் என்றால், ஆறு கிழமைப் பழக்கம். அதுவும் வட்ஸ்அப்பில்.

'பைதான் பழகுவோம்' குழுவில் நானூறு பேர். கேட்டால் பதில் கிடைக்கும், மானமும் போகும். யாழ்ப்பாணத்துத் துவாரகன் மொக்குக் கேள்வி எதையும் ஐந்தே நிமிடத்தில் ஸ்டிக்கராக்கிவிடுவான். 'ஆமை' என்ற பெயரில் அங்கே ஒருவர் இருந்தார். அவருடைய கேள்விகளை வைத்து மட்டும் இருபது ஸ்டிக்கர்கள் ஓடிக்கொண்டிருந்தன. "சிவப்பெழுத்தில பிழை காட்டுது, கம்பியூட்டர் பழுதாப் போச்சா?" அதில் ஒன்று.

ஹுஸ்னியாவும் ஒவ்வொரு தடவையும் சிரித்த முகம் போடுவாள். போட்டுவிட்டு, பதிலைக் கொப்பியில் எழுதிக்கொள்வாள்.

தன்னுடைய பெயர் ஸ்டிக்கரானால், பின்னேர பஸ் அவளுடைய ஊர் கிண்ணியாவுக்குப் போய்ச் சேர முன்னமே அது போய்ச் சேர்ந்துவிடும். அதனால் குழுவை நடத்தும் இராகுலனுக்குத் தனியாக எழுதினாள். பன்னிரண்டு போட்காரரின் பெயரோடும் புரோகிராமை அப்படியே அனுப்பினாள். "சேர், ஒருத்தருக்கும் காட்ட வேணாம். எனக்கு வேலைப் பிரச்சினை."

பதில் உடனே வந்தது.

"தனியாகக் கேட்பது குழு விதிக்கு மாறு. நீங்கள் தடுக்கிய இடத்தில் இன்னும் பத்துப் பேர் தடுக்குவார்கள். பொதுவில் கேளுங்கள்."

"பெரிய ஆள்!" என்றாள் ஹுஸ்னியா.

"ஆரு, நானா?" நம்பர் கிடைக்காமல் போவதில்லை என்று ஸஹாப்தீன் காக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இல்ல காக்கா. இது வேற ஆள்."

கால் மணி நேரத்தில் குழுவில் ஆமை ஒரு லிஸ்டின் படத்தோடு தலையை நீட்டியது.

"நான் மீன் பேர் லிஸ்ட் ஒண்டு செய்தனான். சைபரில தொடங்கினால் முதல் மீனுக்கு 0 விழுது. ஒண்டில தொடங்கினால் முதல் மீனையே காணேல்லை. மீன் எங்க போச்சு?"

"பூனை கொண்டு போயிருக்கும்," என்றான் துவாரகன்.

சிரித்த முகங்கள் வந்து குவிந்தன. ஹுஸ்னியாவும் ஒன்று போட்டாள். போட்டுவிட்டுக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து நஸ்ரியா என்பவர் எழுதினார்: "எண்ணுறத சைபரிலயே விடுங்க. காட்டக்குள்ள மட்டும் ஒண்டைக் கூட்டிக் காட்டுங்க."

ஹுஸ்னியா கூட்டினாள். காகிதம் வந்தது. முதலாவது ஸஹாப்தீன், பன்னிரண்டாவது கலீலுர் றஹ்மான். ஒருவரும் குறையவில்லை.

"இப்பதான் அதுக்குப் புத்தி வந்திரிக்கி." காக்கா காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

தங்கரத்தினம் இன்னொன்று அடிக்கச் சொல்லிக் கரும்பலகைக்கு மேலேயே ஒட்டினார். "வாற கிழமைக்கும் சேத்து அடிச்சு வையுங்கோ பிள்ளை."

போனில் துவாரகன் இன்னும் ஆமையை விட்டபாடில்லை.

"ஆமை, உங்கட மீன் லிஸ்டை இப்பதான் வடிவாப் பாத்தனான். சூரை, பாரை, அறக்குளா, கும்பளா எல்லாம் சரி. கடைசியா கலீலுர் றஹ்மான் எண்டு கிடக்கு. அது என்ன மீன்?"

"அது எங்கட கடலில மட்டும்தான் பிடிபடும்," என்றது ஆமை.

ஹுஸ்னியா அந்த லிஸ்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பதினொரு மீன். பன்னிரண்டாவது பெயரை மாற்ற மறந்துபோயிருந்தது.

அந்தப் பெயர்களை அவள் அனுப்பியது ஒரே ஒருவருக்குத்தான்.

"பிள்ளை, பஸ்ஸுக்கு நேரமாகேல்லையோ?" என்று கேட்டார் தங்கரத்தினம்.

"ஓம், வெளிக்கிடுறன்."

வெளிக்கிடவில்லை. குழுவில் மேலே மேலே போனாள். சிவப்பெழுத்துக் கேள்வி வந்தது. அது எவர் கேட்கப் பயந்த கேள்வியோ. இன்னும் மேலே போனாள். ஆறு கிழமையாக ஆமையின் கேள்விகளுக்குக் கீழே தான் போட்ட சிரித்த முகங்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள்.