கொளஞ்சி யாரு?

“ஒரே ஊரு, ஒரே பயிரு, ஒரே பேரு. இருபத்துமூணு விண்ணப்பம். எவ்ளோ தைரியம் பாத்தியாம்மா அந்தக் கொளஞ்சிக்கு?”

கார் குன்னம் ஊரைத் தாண்டியும் அழகேசனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பயிர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சென்னைத் தலைமை அலுவலகத்தில் மோசடிப் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. ஏமாற்றுக்காரன் எவனும் தன்னிடமிருந்து தப்பியதில்லை என்று அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு இலக்கியா. கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். சொந்த ஊர் அரியலூர் என்பதால் வழிகாட்டக் கூட்டி வந்திருந்தார்.

“உன் சாஃப்ட்வேர் கரெக்டா புடிச்சுக் குடுத்துச்சு. இன்னைக்கு அவனைப் போலீஸ்ல ஒப்படைச்சுட்டுத்தான் மறுவேலை.”

“பாத்துக்கலாங்க சார்” என்றாள் இலக்கியா.

சமுதாயக்கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. மக்காச்சோளத்தை மூன்றாவது வருஷமாகப் படைப்புழு தின்று தீர்த்திருந்தது. இழப்பீடு வந்தால்தான் அடுத்த விதைப்பு என்ற நிலைமை. அழகேசன் நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

“இதுல கொளஞ்சி யாரு? எந்திரி.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஜன்னலோரம் மூன்று பேர். கைக்குழந்தையோடு ஒரு பெண். வாசலில் பீடியை அணைத்துவிட்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அப்புறமும் எழுந்துகொண்டே இருந்தார்கள். அழகேசனுக்கு வேர்த்துவிட்டது.

“என்னய்யா, விளையாடுறீங்களா?”

“இதுல வெளையாட்டு என்னங்க இருக்கு” என்றாள் அந்தப் பெண். “கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்த புள்ளைக்கு வேற என்ன பேரு வைப்பாங்க? இன்னும் நாலு கொளஞ்சி திருப்பூர்ல இருக்காங்க. அவங்களுக்கு நெலம் கெடையாது.”

ஆதார் அட்டைகள் வந்தன. வேறு வேறு எண்கள், வேறு வேறு முகங்கள். சோளக் கொல்லை ஒவ்வொன்றாக நடந்தும் பார்த்தார். எந்தக் கதிரிலும் மணி இல்லை.

அழகேசன் அடாவடிக்காரர்தான், அநியாயக்காரர் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, இருபத்துமூன்று விண்ணப்பத்திலும் ‘நேரில் பார்த்தேன், உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. கொளஞ்சிகளில் ஒருவர் சந்தோஷம் தாங்காமல் அவரைக் கட்டிப்பிடித்தே விட்டார்.

காரில் ஏறியதும் இலக்கியாவைத் திரும்பிப் பார்த்தார்.

“உன் சாஃப்ட்வேர் என் மானத்தை வாங்கிடுச்சேம்மா. இவங்களைப் போய் மோசடின்னு தப்பா சொல்லிடுச்சே.”

“தப்பா சொல்லலீங்க சார். ஒரே ஊர்ல ஒரே பேரு வந்தா விண்ணப்பத்தைச் சத்தமில்லாம தள்ளிடுறதுதான் சாஃப்ட்வேர்ல பழைய விதி. மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா நான் ஆபீஸ்ல கெஞ்சினேன், ‘வந்து பாருங்க’ன்னு இவங்களும் எழுதிப் போட்டாங்க, ஒருத்தரும் அசையல. போன வாரம் நான்தான் ‘மோசடி’ன்னு காட்டுற மாதிரி ஒரு வரியை மாத்தி எழுதினேன்; நாலாம் நாளே நீங்க வந்துட்டீங்க.”