நூறு வரை

கண்ணைக் கட்டிவிட்டாலும், எது மணிச் சத்தம், எது கரண்டிச் சத்தம் என்று அந்தக் குட்டிப் பெண் பிசகாமல் சொல்லிவிடுவாள். நூறு வரை எண்ணுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆசிரியைக்குப் பெருமை தாங்கவில்லை.

"வீட்டுல என்னதான் சொல்லிக் கொடுக்கறீங்க? மத்த அம்மாக்களுக்கும் சொல்லுங்களேன்!"

அம்மா முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, "தனியா ஒண்ணும் இல்லீங்க மிஸ்" என்று கிளம்பப் பார்த்தாள்.

குட்டிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அப்பா சாவி போடற சத்தத்தைக் கேக்கணும் மிஸ். டக்குனு திறந்தா அங்கேயே விளையாடலாம். ஓட்டை கிடைக்காம கரகரன்னு சொரண்டினா, ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு எண்ணணும்."

"எதுவரைக்கும்?" ஆசிரியை சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அம்மா அழறது நிக்கற வரைக்கும். நேத்து நூறு தீர்ந்துபோச்சு மிஸ். அதுக்கப்புறம் என்ன வரும்?"