அட்மிஷன் டியூட்டி

"ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையெல்லாம் கையோட குடுத்துட்டீங்கன்னா சீட்டு கன்ஃபர்ம் சார். பாப்பா நாளைக்கு அந்த கவுன்சிலிங் லிஸ்ட்ட லாக் பண்ணவே வேணாம்."

தனியார் எஞ்சினியரிங் கல்லூரி ஆசிரியர் மோகன்ராஜ் இப்படிச் சொன்னதும் ருக்சாரின் அத்தா சௌகத் அலி தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அத்தா ஏசி மெக்கானிக். ஒரு வேலையை ஒத்துக்கொண்டுவிட்டால்தான் அப்படி ஆட்டுவார்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஊரப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்கு யாராவது ஒருவர் பையும் பிரவுச்சருமாகப் படியேறிக்கொண்டேதான் இருந்தார். மோகன்ராஜின் கல்லூரி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே எட்டு கிலோமீட்டர். பிரவுச்சரில் கட்டடத்துக்குப் பின்னால் நீல மலை ஒன்று தெரிந்தது. அந்தப் பக்கம் அப்படி ஒரு மலையே கிடையாது. அட்டையில் சிரித்த மாணவர்களோ சற்றுமுன் விமானத்திலிருந்து இறங்கியவர்கள் போல இருந்தார்கள்.

ருக்சாருக்குக் கட்-ஆஃப் நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. குரோம்பேட்டைக் கல்லூரிதான் வேண்டும். கொஞ்சம் இழுபறிதான், ஆனாலும் கிடைத்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மூன்று வருடத்துக் கட்-ஆஃப்களைத் தோண்டியெடுத்து, கவுன்சிலிங் இணையதளத்தில் நாளை பதிந்து உறுதிசெய்வதற்காக, நீள நோட்டில் அறுபத்திரண்டு கல்லூரிகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஒரிஜினல்கள் இன்று அந்தப் பைக்குள் போய்விட்டால் அத்தனையும் வீண். போன வருடம் எதிர்வீட்டு எப்சி அக்கா இப்படித்தான் ஒரு இடத்தில் கொடுத்தாள். அலைந்து திரும்ப வாங்குவதற்குள் கவுன்சிலிங்கே முடிந்துபோனது.

அத்தாவின் யோசனை வேறு. இவர்கள் கல்லூரி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். காலை நேரத்து ட்ரெயினில் பெண் நசுங்க வேண்டாம்.

இனி சும்மா உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று ருக்சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். போன வருடம் முதல் செமஸ்டரில் எல்லாப் பேப்பரும் பாஸானவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். மோகன்ராஜ் பிரவுச்சரைப் புரட்டினார்; அதில் அது இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எத்தனை ஆசிரியர்கள் என்றாள். ஆள் எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வேலை கிடைத்ததாகப் படம் போட்டிருக்கிற பையன்கள் எந்த வருடத்துப் பையன்கள் என்றாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வந்த மனுஷனை டீயாவது குடிக்க விடு என்று உள்ளேயிருந்து அம்மா ஜஹீரா குரல் கொடுத்தாள்.

"கடைசியா ஒண்ணு சார். நீங்க என்ன சப்ஜெக்ட் எடுக்குறீங்க?"

"தெர்மோடைனமிக்ஸ்."

"இப்ப எந்த சாப்டர் போயிட்டிருக்கு?"

"இப்ப நான் கிளாஸ் போறதில்லம்மா. மார்ச்லேருந்து அட்மிஷன் டியூட்டி." மோகன்ராஜ் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த மாசத்துக்குள்ள ரெண்டு பேரையாவது சேர்க்கணும். இல்லன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்க."

ஜெயித்தாயிற்று என்று ருக்சார் நினைத்தாள். ஆனால் தெர்மோடைனமிக்ஸ் என்ற சொல் அத்தாவை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டது. மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டு கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுபோவதைப் பற்றிக் கேட்டார். மோகன்ராஜ் பிரவுச்சரின் பின்பக்கத்திலேயே படம் போட்டு விளக்கினார். அவர் முகம்கூட மாறிவிட்டது. பத்து நிமிடத்துக்கு அந்த அறையில் கேஸும் பிரஷருமாகவே இருந்தது.

"உங்கள மாதிரி ஒருத்தர் இருக்குற எடம் தப்பா போகாது சார்" என்று அத்தா ஃபைலை எடுக்க எழுந்து போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

மோகன்ராஜ் அவளுடைய நோட்டைக் கேட்டார். குறை கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்தேதான் கொடுத்தாள். அவர் ஒரு வரி விடாமல் படித்தார். இது ஏன் மேலே, அது ஏன் கீழே என்றார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் காரணம் இருந்தது.

"எங்க காலேஜ் எங்க இருக்கு இதுல?"

"இல்ல சார்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, உனக்கு நூத்தி எம்பத்தி நாலுதான்னு வச்சுக்குவோம். அப்ப எங்கேருந்து ஆரம்பிப்ப?"

மடக்கப் பார்க்கிறார். "மூணாவது பக்கத்துலேருந்து சார். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு அடம்பிடிக்க மாட்டேன். நல்ல காலேஜ்ல எலக்ட்ரிகல் வந்தாலும் போவேன். வாத்தியாருங்க தெருவுல சுத்தாம கிளாஸ்ல இருக்குற காலேஜா பாத்துத்தான் போட்டிருக்கேன்."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகப்படியோ என்று தோன்றியது. மோகன்ராஜ் மூன்றாவது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தா வந்து ஃபைலை நீட்டினார். மோகன்ராஜ் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். திறந்து, மார்க் ஷீட்டை ஒருமுறை பார்த்தார். மூடினார். பிறகு அதை ருக்சாரின் மடியில் வைத்தார்.

"லிஸ்ட் சரியா இருக்கு பாய். ஒண்ணையும் மாத்தாம அப்படியே லாக் பண்ணச் சொல்லுங்க."

அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப உங்க அட்மிஷன்?"

மோகன்ராஜ் பையை எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். மாட்டியவர் அங்கேயே தயங்கி நின்று, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"அந்த மூணாவது பக்கத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா? என் பொண்ணும் நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள லாக் பண்ணணும்."