மூன்று சுற்று

கண்ணாடி மேசையில் பேனாக் கடைக்காரர் ஒரே கம்பெனியின் மைப் பேனாக்கள் மூன்றை வைக்கிறார். மூன்றும் கறுப்பு, மாலை வெயிலில் மூன்றும் ஒரே மினுக்கு. "பழைய மாடல்ல வளையம் ரெண்டும்மா, புதுசுல ஒண்ணு. எழுதுற முள்ளும் மாறும். உங்க வீட்டுக்காரர் வச்சிருந்தது எது?" எதிரே நிற்பவளுக்கு வளையமும் தெரியவில்லை, முள்ளும் தெரியவில்லை. "அவரைத் தூக்கினப்ப அந்தப் பேனாவைச் சட்டைப் பையிலயே வச்சு அனுப்பிட்டோம். எழுதி முடிச்சு மூடியை மூணு சுத்து திருகுவாரு. அடுப்படியில எனக்கு அந்தச் சத்தம் கேக்கும், சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைப்பேன்." கடைக்காரர் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கிறார். ஒன்று டக்கென்று பூட்டிக்கொள்கிறது. அடுத்தது ஒன்றரைச் சுற்றில் நின்றுவிடுகிறது. கடைசிப் பேனா நிதானமாக, மெல்லிய கிரீச் சத்தத்தோடு மூன்று சுற்றுப் போகிறது. அவள் அதைத் தொடவில்லை. "இன்னொரு தரம் மூடுங்க" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறாள்.