பங்கருக்குள் இருபது நிமிடம்

"கட்டளையைக் கடதாசியில எழுதிக்கொண்டு வாறவன் நெட்வேர்க் எஞ்சினியரே இல்லை" என்று அறிவித்தான் விஜிதரன்.

பங்கர் என்று எல்லோரும் அழைக்கும் நிலத்தடி சேவர் அறையின் வாசலில், அடுத்த அறை வேலைக்கான கணினிக் கட்டளைகளை எழுதிக்கொண்டிருந்த லக்சனா நிமிர்ந்தாள்.

"உள்ளுக்குப் போன் கொண்டுபோக விடமாட்டினம், அண்ணா."

"லேப்டொப் இருக்குது. நீங்கள் பரீட்சைக்குப் படியுங்கோ."

கட்டிடத்தின் வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வோல் ரௌட்டரின் எஸ்எஸ்டி சேமிப்பகம் வரவர மந்தமாகிக்கொண்டிருந்தது. அழித்த தரவின் இடத்தைத் துப்புரவாக்கி வேகத்தை மீட்கும் ட்ரிம் வசதியை அதில் இயக்க வேண்டும். இருபது நிமிடம் தாண்டினால் வேலையே இல்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவனுக்கு வேலையில் சோதனைக்காலத்தின் கடைசி வாரம் வேறு.

ரௌட்டரை நிறுத்திப் பராமரிப்பு நிலையில் ஏற்றினான். முதல் கட்டளை சரிவந்தது. அடுத்ததற்காக லேப்டொப்பில் திறந்திருந்த இணைய வழிகாட்டியின் அடுத்த பக்கத்தைத் தட்டினான். வெள்ளைத் திரை மட்டும் வந்தது. திரும்பத் திரும்பத் தட்டினான்.

"லக்சனா! பக்கம் வருதில்லை! இன்டர்நெட் செத்துப்போச்சு!"

"ஓம். இந்தக் கட்டிடத்துக்கு இன்டர்நெட் எதுக்குள்ளால வருது, அண்ணா?"

விஜிதரன் தான் நிறுத்திய ரௌட்டரைப் பார்த்தான்.

ஒன்பது நிமிடம் இருந்தது. வாசலுக்கு ஓடி, உள்ளே போகுமுன் அங்கிருந்த பெட்டியில் போட்ட கைபேசியை எடுத்து, அதன் டேட்டாவில் வழிகாட்டியைத் திறந்தான்.

"பேனை ஒருக்காத் தாறீங்களோ?" என்று மெல்லக் கேட்டு, கட்டளைகளை உள்ளங்கையில் எழுதத் தொடங்கினான்.